அப்பாவின் பத்மினியும் ஆழமான சேம்பரும்

ரொம்ப நாளாயிற்று இங்கே எழுதி. ஆபீசில் ஆணி அதிகம். போன வாரம் வந்த ஒரு போன்தான் மறுபடி உட்கார வைத்தது.

பேசியவர் பிம்ப்ரியில் இருக்கும் திருச்சிக்காரர். அவருடைய அப்பாவின் அம்பாசிடரை ஊரிலிருந்து லாரியில் ஏற்றி பூனாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். "சார், நீங்க பழைய ஃபியட் வெச்சிருக்கீங்கல்ல, ஒரு டவுட். ஆயில் சேம்பரை ஆழமா மாத்திட்டா இன்ஜினுக்கு ரொம்ப நல்லதுன்னு சொல்றாங்க. பண்ணிடலாமா?"

ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம்: வேண்டாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நல்ல சேம்பர், நாலரை லிட்டர் ஆயில், தொண்ணூறு கிலோமீட்டருக்கு டோ வண்டி வாடகை, எல்லாவற்றுக்கும் மேலாக அப்பாவின் ஒரு நாள் மௌனம் செலவாகியிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். வண்டி இல்லாதவர்களும் படிக்கலாம், கடைசியில் வேறு ஒரு விஷயமும் இருக்கிறது.

முதலில் கொசுவத்தி கொஞ்சம் சுத்திக்கொள்கிறேன்.

அப்பா கோயமுத்தூரில் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். 1984-ல் பிரீமியர் பத்மினி வாங்கினார். இத்தாலிக்காரனின் ஃபியட் 1100-தான் இது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி தயாரித்தது. 1964-ல் டிலைட், 1972-ல் பிரசிடென்ட், 1974-ல் பத்மினி என்று பேர்தான் மாறிக்கொண்டே வந்தது. உள்ளே இருந்தது அதே 1089 சிசி இன்ஜின். அந்தக் காலத்தில் கார் என்பது பணம் இருந்தால் மட்டும் வருவதில்லை. புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த பிறகு அப்பா அதைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் எங்கள் அம்மாவுக்கு இன்றைக்கும் கோபம் வரும் :-)

காலையில் வண்டியை எடுக்குமுன் ஆயில் ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பார்ப்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோதும் முதல் பாடம் கிளட்ச் அல்ல, ஸ்டிக்தான்.

2016-ல் கண் ஆபரேஷன் ஆனதும், "இனி எனக்கு எதுக்கு, நீயே கொண்டு போ" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். பூனாவுக்கு வந்து நம்பர் பிளேட் மாறியது. அதைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "பழைய பிளேட்டை மட்டும் தூக்கிப் போட்டுடாதே, எனக்கு அனுப்பிரு" என்றார். இப்போதும் வீட்டில் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

2018 மே மாசம். சதாரா போகும் வழியில் கம்பாட்கி காட் என்று ஒரு மலைப்பாதை. நல்ல வெயில். ஏறும்போது டாஷ்போர்டில் ஆயில் லைட் மினுக் மினுக்கென்று இரண்டு மூன்று முறை எரிந்து அணைந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிக்காரர்கள் சிலர் டீக்கடையில் கூடுவோம். அங்கே இதைச் சொன்னதும் ஒரு நண்பர், ரேஸ் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர், உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார். "வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்குது. பம்பு காத்தை இழுக்குது. ஆழமான சேம்பர் போடு, சரியாயிடும்."

அவர் சொன்னதில் தத்துவம் தப்பில்லை. இன்ஜினுக்கு அடியில் தொட்டி மாதிரி தொங்குவதுதான் சேம்பர். புத்தகத்தில் சம்ப் என்று போட்டிருப்பார்கள். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு ஆயில் சேம்பர். ஆயில் பம்பின் வாயில் ஒரு சல்லடை இருக்கும். அது சேம்பரில் உள்ள ஆயிலுக்குள் முங்கி நின்று உறிஞ்சும். அந்த ஆயில்தான் கிராங்க் பேரிங் வரைக்கும் போகிறது. வண்டி வேகமாக வளையும்போது, டம்ளரைச் சாய்த்த மாதிரி ஆயில் ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும். சல்லடை வெளியே தெரிந்தால் பம்பு காற்றைக் குடிக்கும். பேரிங்குக்கு ஆயில் போகாது. ரேஸ் வண்டிகளில் இது நிஜமான பிரச்னை. அதனால் அவர்கள் சேம்பரை ஆழமாக்கி, உள்ளே தடுப்புத் தகடு வைத்து, கூடுதல் ஆயில் ஊற்றுவார்கள். ஆயில் அதிகம் இருப்பதால் சீக்கிரம் சூடேறாது. சுற்றுகிற கிராங்குக்கும் ஆயிலுக்கும் இடைவெளி கூடினால் நுரைப்பதும் குறையும். எல்லாம் சரிதான்.

நமக்குத்தான் ரேஸ் என்றாலே ஒரு கிறக்கம் உண்டே. மெட்ராஸுக்குப் பக்கத்தில் சோழவரத்தில், பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் இதே ஃபியட்டுகள் சீறிக்கொண்டு ஓடியதை அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன். நம் வண்டிக்கும் ரேஸ் வண்டிச் சாமான் என்று மனசுக்குள் ஒரு குஷி.

ஒரு பட்டறையில் சேம்பரைக் கழற்றி, அடியை வெட்டி, இரண்டு அங்குலத்துக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்து கொடுத்தார்கள். மாட்டி, ஸ்டிக்கில் மேல் கோடு வரும்வரை ஆயில் ஊற்றினால், முன்பைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகப் பிடித்தது. அப்படியே கார்புரேட்டரையும் டியூன் பண்ணிக் கொடுத்தார்கள். காலி வண்டியில், தரைக்கும் சேம்பருக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்தேன். பரவாயில்லை என்று பட்டது. அடுத்த தடவை காட் ஏறினேன். லைட் எரியவேயில்லை. டீக்கடையில் நானே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் அன்றைக்குப் பதில் தெரியாது. வாராவாரம் போன் பேசுகிறோம். மழை, மாத்திரை, யார் வீட்டில் கல்யாணம் எல்லாம் பேசுகிறோம். வண்டி எப்படி இருக்கிறது என்பார். நல்லாருக்குதுங்கப்பா என்பேன். அவ்வளவுதான்.

2019 டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் பூனாவுக்கு வந்தார்கள். வந்த மறுநாளே அப்பா கீழே பார்க்கிங்குக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறந்தார். ஸ்டிக்கை உருவினார். கோட்டில் நின்றது. முகத்தில் ஒரு திருப்தி. குனிந்து அடியில் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாய்க்குக் கிளம்பினோம். கிருஷ்ணா நதிக்கரையில் பெரிய பிள்ளையார் கோயில் இருக்கும் ஊர். முன்னால் நானும் அப்பாவும், பின்னால் அம்மா, தங்கமணி, பொண்ணு, காலடியில் கட்டுசாதக் கூடை. காட் ஏறும்போது லைட் எரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். எரியவில்லை. அப்பா கண்ணை மூடி இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். "சத்தம் நல்லாத்தான் இருக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே எல்லாம்.

ஹைவேயை விட்டு இறங்கி ஊர்ப்பாதையில் போகும்போது ஒரு வேகத்தடை. ஐ.ஆர்.சி. விதிப்படி வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலத்துக்குப் பரந்து, நடுவில் 10 சென்டிமீட்டர் உயர்ந்து, மெதுவாக ஏறி இறங்க வேண்டும். இது அந்த ஜாதியில்லை. அந்த ஊர்க்காரர்களே போட்டுக்கொண்டது. வர்ணம் கிடையாது, பலகை கிடையாது, அகலம் ஒரு முழம், நெட்டுக்குத்தாக நின்றது. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, எத்தனை குழந்தைகள் குறுக்கே ஓடுகிற ரோடோ. நான் பிரேக் போட்டேன். பிரேக் போட்டால் வண்டியின் மூக்கு இன்னும் கீழே போகும் என்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

டங்!

"கல்லு ஏதோ பட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஓர் அரை கிலோமீட்டர் போயிருப்போம்.

"லைட் எரியுது" என்றார் அப்பா.

"அது பழைய லைட்டுங்கப்பா, முன்னாடியும் எரிஞ்சிருக்குது."

"வண்டிய நிறுத்து கண்ணு."

"முன்னால ஒரு மரம் தெரியுதுங்க, அந்த நெழல்ல போயி..."

அப்பா பேசவில்லை. வலது கையை நீட்டி சாவியைத் திருப்பிவிட்டார். இன்ஜின் நின்றது. வண்டி தானாக உருண்டு ரோட்டோரம் போய் நின்றது. எழுபத்து நாலு வயசு மனுஷன் இறங்கி, மண்டி போட்டுக் குனிந்து பார்த்தார். வேகத்தடையிலிருந்து வண்டி வரைக்கும் தார் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு. அடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

கையை உள்ளே விட்டுத் தடவினார்.

"இது நம்ம சேம்பர் இல்லையே. வெட்டி ஒட்டியிருக்குது."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் ஒரு ரஸவந்தி இருந்தது, அதாங்க, சலங்கை கட்டின மிஷினில் கரும்புச் சாறு பிழிந்து தருவார்களே, அந்தக் கடை. அங்கே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். பொண்ணு மெதுவாகப் பக்கத்தில் போய், "அப்பாரு, கார் செத்துப் போச்சா?" என்று கேட்டாள். "இல்ல சாமி, நேரத்துக்கு நிறுத்திட்டோம்" என்றார். டோ வண்டி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. கட்டுசாதத்தை அந்த பெஞ்சிலேயே சாப்பிட்டோம். பிள்ளையாரைப் பார்க்கவில்லை.

மறுநாள் எங்கள் பேட்டை காகாவின் ஒர்க்‌ஷாப்பில் சேம்பரைக் கழற்றினார்கள். வெல்டிங் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. பேரிங் கேப் ஒன்றைக் கழற்றிப் பார்த்ததில் கீறல் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் இரும்பும் இரும்பும் உரசி இன்ஜின் பிடித்திருக்கும் என்றார் காகா. நான் அந்த மரத்தை நினைத்துக்கொண்டேன். நல்ல நிழல்தான்.

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்து என்னிடம் சரியாகப் பேசவில்லை. திடீரென்று எழுந்து வந்து, பம்பின் சல்லடையைத் தொட்டுப் பார்த்தார். வெட்டின சேம்பரின் ஆழத்தை விரலால் அளந்தார். மறுபடி சல்லடை. மறுபடி சேம்பர். பிறகு என்னைப் பார்த்தார்.

"எண்பத்தி மூணு வறட்சியில எங்கய்யன் தோட்டத்துக் கெணத்தைப் பதினஞ்சடி வெட்டுனாரு. அடியில தண்ணி கெடந்துச்சு. மோட்டாரைப் போட்டா காத்துதான் வந்துச்சு. ஏன்னு தெரியுமா? புட்வால்வு பழைய எடத்துலயே தொங்குச்சு. கெணத்தை வெட்டுனே, சரி. புட்வால்வை எறக்குனியா?"

எனக்கு உறைக்க அரை நிமிஷம் ஆனது. சேம்பரை இரண்டு அங்குலம் இறக்கினோம். சல்லடை பழைய உயரத்திலேயே இருந்தது. கூடுதலாக ஊற்றிய ஒன்றரை லிட்டர், சல்லடைக்கு எட்டாத அடியில் சும்மா கிடந்தது. கலந்து ஓடிச் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டதே தவிர, வளைவில் காற்றைக் குடிக்காமல் இருக்க அது துளியும் உதவாது. ஒன்றரை வருஷம் அதைச் சுமந்துகொண்டு, ரோட்டுக்கு இரண்டு அங்குலம் நெருக்கமாக ஓட்டியிருக்கிறேன்.

"அப்புறம் லைட் எப்படிங்கப்பா நின்னுச்சு?"

"லைட் எப்ப எரிஞ்சுச்சு? வளைவுலயா, வளைஞ்சு முடிச்சு ஊர்ந்தப்பவா?"

யோசித்தேன். மேலே லாரி வரிசையில் நின்று நின்று நகர்ந்தபோது. இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தபோது. ஒரு தடவைகூட வளைவில் இல்லை!

"ஆயில் பழசாகித் தண்ணியாட்டம் இருந்திருக்கும். ஐடிலும் கம்மி. மெதுவாச் சுத்துனா பம்பும் மெதுவாத்தான் சுத்தும், பிரஷர் எறங்கும். புது ஆயில் ஊத்தி, டியூனிங்கில ஐடிலை ஏத்தியிருக்காங்க. அதுக்குத்தான் நின்னுச்சு."

ஆக, வேலை செய்தது ஆயிலும் ஐடில் ஸ்க்ரூவும். மாலை விழுந்தது சேம்பருக்கு.

வீட்டுக்கு வந்து, ஒன்றரை வருஷம் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் ஆயில் சுமார் 13 டிகிரி சாயும். 40-ல் போனால் சுமார் 23 டிகிரி. ரேஸ் டயர் போட்டு, வண்டி எடைக்குச் சமமான விசையில் வளைத்தால் 45 டிகிரி. குடும்பத்தோடு பிள்ளையார் கோயிலுக்குப் போகிற பத்மினிக்கு அந்த 45 எங்கிருந்து வரும்? பின்சீட்டில் அம்மா இருக்கும்போது 40-ல் வளைத்தாலே "மெதுவாப் போ சாமி" என்று குரல் வந்துவிடும்.

வெட்டின சேம்பரைப் பழையபடி ஆக்க முடியாது. மும்பை குர்லாவில் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து ஒன்று வாங்கி வந்தேன். வண்டி பிறந்த ஊரிலேயே சேம்பர் கிடைத்தது. அப்பாவே பெட்ரோலில் கழுவி, வாய் ஓரம் நேராக இருக்கிறதா என்று கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து, கார்க் பேக்கிங் போட்டு மாட்டச் சொன்னார். போல்ட்டைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கச் சொல்லி நாற்காலியிலிருந்தே மேற்பார்வை. காகாவுக்கும் அவருக்கும் பொது பாஷை கிடையாது. கையாலேயே பேசிக்கொண்டார்கள். ஒரு பிரஷர் கேஜை இணைத்துக்கொண்டு மறுபடி அதே காட் ஏறினோம். வளைவுகளில் முள் ஆடவில்லை.

அன்று ராத்திரி பால்கனியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அப்பா அதைச் சொன்னார். காசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வெட்டறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல கண்ணு?" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷம் அந்த இன்ஜினோடு வாழ்ந்த மனுஷன், ஒரு போன் தூரத்தில் இருந்தார். நான் டீக்கடையில் கேட்டேன், பட்டறையில் கேட்டேன், நெட்டில் தேடினேன். அவரிடம் கேட்கவில்லை. ஊரை விட்டு வந்த நாம் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் இதைச் செய்கிறோமோ? கவலைப்படுவார்கள், சொன்னால் புரியாது, பெரிசாகச் செய்து முடித்துவிட்டுக் காட்டலாம் என்று நாமே முடிவு பண்ணிக்கொள்கிறோம். வாராவாரம் பேசுகிறோம். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த விஷயத்தை மட்டும் கேட்பதேயில்லை.

சரி, திருச்சிக்காரருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். லைட் எரிந்தால் முதலில் வண்டியை நிறுத்துங்கள், நிழலைத் தேடாதீர்கள். ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் பழசா, ஐடில் சரியா என்று பாருங்கள். நிஜமான கேஜ் ஒன்றை மாட்டி, எப்போது பிரஷர் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சூடாகி நிற்கும்போது இறங்கினால் அது வேறு வியாதி, சேம்பர் அதற்கு மருந்தில்லை. வளைவில்தான் இறங்குகிறது என்றால், ஆழத்தைக் கூட்டாமல் உள்ளே தடுப்புத் தகடு மட்டும் வைத்துப் பாருங்கள். அதற்கும் மேலே ஆழமாக்கியே தீருவேன் என்றால், சல்லடையையும் அதே அளவு இறக்குங்கள், அடியில் ஒரு காப்புத் தகடு போடுங்கள், குடும்பத்தையும் கட்டுசாதக் கூடையையும் ஏற்றிவிட்டு அப்புறம் ஸ்கேலை வையுங்கள். ரேஸ் டிராக்கில் வேகத்தடை கிடையாது. நம் ரோட்டில் உண்டு.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா ஊர்லதான் இருக்காரு சார், அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்றார். அதை நான் சொல்லவேயில்லை. அவரே சொன்னார்.

2023 அக்டோபரோடு மும்பையில் பத்மினி டாக்ஸிகளும் ரோட்டை விட்டுப் போய்விட்டன. எங்கள் வண்டி இன்னும் ஓடுகிறது. நேற்று ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. வாங்குவதற்கு முன்னால் அப்பாவுக்குப் போன் போட்டேன், "எந்த கிரேடு ஊத்தறதுங்கப்பா?" என்று. எனக்குத் தெரியும்தான், இருந்தாலும் கேட்டேன். நாற்பது நிமிஷம் பேசினார். ஆயிலைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.

வைக்கும்போது கேட்டார், "ஸ்டிக் பாத்தியா?"

பார்த்தேனுங்கப்பா.